உம்மு குல்தூமும் கொடுமுடிக் குயிலும்: ஒரே தலைமுறையின் இரண்டு குரல்கள்

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கல்வெட்டுகளையும் ஆவணங்களையும் ஏடுகளையுமே நாடுகின்றனர். பாடலை அவர்கள் இலக்கியமாகக் கொள்கின்றனர். பாடிய குரலையோ வரலாற்றுச் சான்றாகக் கொள்வதில்லை. ஆயினும் தமிழிலும் சரி, அறபியிலும் சரி, கவிதை நெடுங்காலம் செவிவழியாகவே வாழ்ந்து வந்திருக்கிறது. வடசென்னை இராயபுரத்தில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களையே எடுத்துக்கொள்ளலாம். சுல்தான் அப்துல் காதிர் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் (1792-1838) தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியிலிருந்து வந்தவர். அதனால் மக்கள் அவரைத் ‘தொண்டியார்’ என்று அழைத்தனர் என்றும், அதிலிருந்தே தண்டையார்பேட்டை என்னும் பெயர் உருவாயிற்று என்றும் கூறும் மரபு இன்றும் அப்பகுதியில் நிலவுகிறது. அவருடைய பாடல்கள் அச்சேறிப் பரவியதோடு நில்லாமல் பக்கீர்களின் வாயிலும் பக்தர்களின் வாயிலும் வாழ்ந்தன. திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். சமய எல்லைகளைக் கடந்து மக்களைச் சேர்த்தது அவரது ஞானம் மட்டுமன்று. அந்த ஞானத்தைச் சுமந்து சென்ற இசையும்தான்.

செவிவழி வந்த இத்தகைய சமயப் பாடல் மரபு இருபதாம் நூற்றாண்டின் இசைத்தட்டையும் வானொலியையும் பேசும்படத்தையும் சந்தித்தபோது என்ன நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா. இதற்கு விடை காண இரண்டு பெண்களின் வாழ்வை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். ஒருவர் எகிப்தின் உம்மு குல்தூம். மற்றவர் காவிரிக் கரையின் கொடுமுடி பாலாம்பாள் மகள் சுந்தராம்பாள். இருவரும் ஒருவரையொருவர் சந்தித்ததாகச் செய்தி இல்லை. ஆயினும் அவர்களின் வாழ்க்கை வியப்பூட்டும் அளவுக்கு ஒரே வழியில் நடந்திருக்கிறது. பிரிய வேண்டிய இடத்தில் தெளிவாகப் பிரிந்தும் இருக்கிறது.

சிறுவனின் உடையில் சிறுமி

நைல் நதியின் கழிமுகப் பகுதியில், தகஹ்லிய்யா மாநிலத்தில், தம்மாய் அஸ்ஸஹாயிரா என்னும் சிற்றூரில் பிறந்தவர் உம்மு குல்தூம். அவர் பிறந்த ஆண்டை 1898 என்பாரும் 1904 என்பாரும் உளர். தந்தை இப்ராஹீம் அஸ்ஸய்யித் அல்பல்தாஜி அவ்வூர்ப் பள்ளிவாசலின் இமாம். அந்த வருவாய் குடும்பத்துக்குப் போதாமையால், திருமண வீடுகளிலும் விழாக்களிலும் நபிபுகழ்ப் பாடல்களைப் பாடிக் கூடுதலாகச் சிறிது ஈட்டிவந்தார். பெருமானார் (ஸல்) அவர்களின் திருமகளார் பெயரையே தம் மகளுக்குச் சூட்டினார். தந்தை பாடக் கேட்டுத் தானே பாடிப் பழகிய அச்சிறுமியின் குரல்வளத்தை உணர்ந்ததும் அவளையும் உடன் அழைத்துச் சென்றார். ஆனால் ஊரார் முன் ஒரு பெண்பிள்ளை பாடுவதா என்ற கூச்சம் அவருக்கு இருந்தது. எனவே மகளுக்குச் சிறுவரின் மேலங்கியும் தலைத்துணியும் அணிவித்தார். எகிப்தின் மாபெரும் பாடகி ஓர் ஆண்பிள்ளையின் தோற்றத்திலேயே முதன்முதலில் மக்கள் முன் நின்றார்.

கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு பிறந்த சுந்தராம்பாளின் கதையும் வறுமையிலேயே தொடங்குகிறது. இளமையிலேயே தந்தையை இழந்த அவர், இரயில் வண்டிகளில் பாடிக் காசு பெற்றுக் குடும்பத்துக்கு உதவினார். அவ்வாறு பாடிய குரலைக் கேட்டவர்கள் வழியாகவே வேலு நாயர் நாடகக் குழுவில் இடம் கிடைத்தது. நல்லதங்காள் நாடகத்தில் நல்லதங்காளின் மூத்த மகனாக, அதாவது ஓர் ஆண்பிள்ளையாகவே அவர் மேடையேறினார். அக்காலத் தமிழ் நாடக மேடையில் ‘பாலபார்ட்’, ‘ஸ்திரீபார்ட்’, ‘ராஜபார்ட்’ எனப் பாத்திரங்கள் வகுக்கப்பட்டிருந்தன. ஆண்கள் பெண்வேடம் புனைவதும் பெண்கள் ஆண்வேடம் புனைவதும் அங்கே வழக்கம். எகிப்தில் தந்தையின் கூச்சம் அணிவித்த உடையைத் தமிழகத்தில் மேடையின் மரபு அணிவித்தது. காரணம் வேறாயினும் விளைவு ஒன்றே. பெண்ணின் குரல் பொதுவெளிக்கு வருமுன் ஆணின் தோற்றத்தைக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

ஓதுதலும் உச்சரிப்பும்

உம்மு குல்தூமின் முதற்கல்வி ஊர் குத்தாபில், அதாவது குர்ஆன் மதரசாவில், நடந்தது. எழுத்துகளை அவற்றின் பிறப்பிடத்திலிருந்து பிறழாமல் ஒலிப்பது, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டுவது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவது ஆகிய தஜ்வீத் ஒழுங்கு அவருக்கு அங்கேயே பழகிற்று. பின்னாளில் அவருடைய பாட்டைப் போற்றிய எகிப்தியர், அவர் குர்ஆனை ஓதத் தெரிந்தவர் என்பதையே முதல் காரணமாகக் கூறினர். இசை நயத்துக்காகச் சொல்லைச் சிதைக்காத பண்பு, ஒரே அடியை மீண்டும் மீண்டும் பாடும்போது ஒவ்வொரு முறையும் பொருளின் வேறொரு சாயலை வெளிப்படுத்தும் ஆற்றல் ஆகிய இரண்டும் அவ்வோதலின் வழி வந்தவை. 1920களின் தொடக்கத்தில் குடும்பம் கெய்ரோவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஷெய்கு அபுல் அலா முஹம்மதிடம் கஸீதா பாடும் முறையைக் கற்றார். கவிஞர் அஹ்மத் ராமியின் வழிகாட்டலில் அறபு இலக்கியத்தைப் பயின்றார். 1926இல், அதுவரை பக்கபலமாக இருந்த குடும்பத்து ஆண்களின் பின்பாட்டை விடுத்து, ‘தக்த்’ எனப்படும் தேர்ந்த இசைக்கருவிக் குழுவோடு மேடையேறினார். கிராமத்துச் சிறுமி நகரத்துக் கலைஞரானது அப்போதுதான்.

சுந்தராம்பாளுக்கு மேடையே பள்ளிக்கூடம். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில், தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் விளங்க வேண்டும். ஆகவே உச்சஸ்தாயியில் பாடினாலும் ல, ழ, ள வேறுபாடு குன்றாத உச்சரிப்பு நாடகக் கலைஞருக்கு உயிர். அக்குரல் கணீரென்று ஒலித்ததற்கும் சொற்கள் முத்துமுத்தாக உதிர்ந்ததற்கும் காரணம் இதுவே. வடசென்னையின் வால்டாக்ஸ் சாலையில் இருந்த ஒற்றைவாடை அரங்கம் அக்கால நாடக உலகின் முக்கியக் களம். துறைமுகத்திலும் இரயில் பணிமனைகளிலும் ஆலைகளிலும் உழைத்த மக்களுக்கு நடந்துபோகும் தூரத்தில் அவ்வரங்கம் இருந்தது. எழுத்தறியாதவரும் இரவெல்லாம் விழித்திருந்து தமிழ்ப் பாடல்களைக் கேட்டு மனப்பாடம் செய்த காலம் அது. கெய்ரோவின் தேநீர்க் கடையில் கஸீதாவைக் கேட்டுத் தலையசைத்த சுமைதொழிலாளியைப் போன்றவரே இங்கும் இருந்தனர்.

இலங்கையில் நாடகமாடிக்கொண்டிருந்தபோது 1926இல் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சுந்தராம்பாள் இணைந்து நடித்தார். 1927இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார், சாதியும் வேறு. இன்பமும் பிணக்குமாக நடந்த அந்த இல்லறம் நீடிக்கவில்லை. 1933 டிசம்பரில், இருபத்தேழு வயதில், கிட்டப்பா மறைந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. வெள்ளைப் புடவையை உடுத்த அவர், இனி எந்த ஆணுடனும் இணைந்து நடிப்பதில்லை என உறுதி பூண்டார்.

பேசும்படம் வந்தபோது

சென்னையில் தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று ஜார்ஜ் டவுனின் கினிமா சென்ட்ரல் அரங்கில் திரையிடப்பட்டது. எகிப்தில் முதல் பேசும்படங்கள் 1932இல் வெளிவந்தன. இரு மொழிகளிலும் தொடக்ககாலப் பேசும்படம் பாடகர்களையே தேடியது. குரலுக்காகத்தான் மக்கள் திரளுவார்கள் என்பதை முதலீட்டாளர் அறிந்திருந்தனர்.

‘நந்தனார்’ கதையைப் படமாக்க முன்வந்த அசன்தாஸ், சுந்தராம்பாளை நாடினார். அவர் நடிக்க மறுத்தார். தட்டிக்கழிக்கும் எண்ணத்தோடு ஓர் இலட்சம் ரூபாய் கேட்டதாகவும், அத்தொகையைத் தயாரிப்பாளர் தர ஒப்பியதாகவும் திரைப்பட வரலாற்றாளர் கூறுவர். 1935இல் வெளிவந்த அப்படத்தில் சுந்தராம்பாள் ஏற்ற வேடம் நந்தனார். அதாவது, ஆணுடன் இணைந்து நடிக்காமல் தாமே ஆணாக நடித்தார். சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராக நடித்தார். தீண்டாமையின் கொடுமையை அனுபவித்த ஓர் அடியாரின் வேடத்தில் ஒரு பெண். அவரை அடக்கியாளும் நிலக்கிழாராக ஒரு புகழ்பெற்ற வித்துவான். கல்கி அப்படத்தைக் கடுமையாக விமர்சித்தார் என்பதும் வரலாறு. ஆயினும் ஒரு பெண் கலைஞர் தம் விலையையும் நிபந்தனையையும் தாமே வகுத்த நிகழ்வு என்ற வகையில் அதன் சிறப்பு குறையவில்லை.

மறுபுறம், தலாத் ஹர்ப் நிறுவிய மிஸ்ர் வங்கியின் முயற்சியால் கெய்ரோவில் ‘ஸ்டுடியோ மிஸ்ர்’ 1935இல் உருவானது. அதன் முதல் முழுநீளப் படமான ‘விதாத்’ 1936இல் உம்மு குல்தூமின் நடிப்பில் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து ‘நஷீதுல் அமல்’ (1937), ‘தனானீர்’ (1940), ‘ஆயிதா’ (1942), ‘சல்லாமா’ (1945), ‘ஃபாத்திமா’ (1947) ஆகியவை வந்தன. மொத்தம் ஆறே படங்கள். அவர் மேலும் பல படங்களில் நடித்திருக்கக்கூடும். படப்பிடிப்பு விளக்குகளின் கடும் ஒளி கண்களுக்கு ஒவ்வாமை தந்ததும் உடல்நலக் குறைவும் அவர் திரையை விட்டு விலகியதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

ஏற்ற வேடங்களும் ஏற்காத வேடங்களும்

இவ்விருவரும் ஏற்ற பாத்திரங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். உம்மு குல்தூமின் ஆறு படங்களில் மூன்று, இடைக்கால இஸ்லாமிய உலகின் பாடும் அடிமைப் பெண்களைப் பற்றியவை. விதாத் மம்லூக்குகள் காலத்தவள். தனானீர் அப்பாசியர் காலத்து பர்மகியர் இல்லத்தவள். சல்லாமா உமையாக்கள் காலத்தவள். ஜாரியாக்கள் என்று நூல்கள் கூறும் இப்பெண்கள் விலைக்கு வாங்கப்பட்டவர்கள். எனினும் கவிதையிலும் இசையிலும் தேர்ந்தவர்கள். உடல் பிறர் உடைமை. குரல் மட்டும் தமது உடைமை. ‘சல்லாமா’ படத்தின் மூலக்கதை, இந்தோனேசியாவின் சுராபாயாவில் ஹளரமீ குடும்பத்தில் பிறந்த அலீ அஹ்மத் பாகதீர் எழுதிய நாவல். ஹளரமவ்த்திலிருந்து கடல் கடந்த குடும்பங்களை நம் கடற்கரை ஊர்களும் நன்கறியும். பாடுவதையே வாழ்வாகக் கொண்ட ஒரு பெண்ணுக்கும் வணக்கத்தையே வாழ்வாகக் கொண்ட ஒரு துறவிக்கும் இடையே எழுந்த அன்பைச் சொல்லும் அப்படத்தில் உம்மு குல்தூம் திருக்குர்ஆன் வசனங்களையும் ஓதினார்.

சுந்தராம்பாளின் வரிசை இன்னும் வியப்பூட்டுவது. நந்தனார் ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த சைவ அடியார். ‘மணிமேகலை’ (1940) பௌத்தத் துறவி. ஜெமினியின் ‘ஔவையார்’ (1953) இல்லறத்தை விலக்கி முதுமையை வேண்டிப் பெற்ற புலவர். மு. கருணாநிதியின் வசனத்தில் உருவான ‘பூம்புகார்’ (1964) படத்தில் கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி. ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் மீண்டும் ஔவையார். சைவம், பௌத்தம், சமணம் எனத் தமிழ்ச் சமய வரலாறு முழுவதையும் ஒரே பெண்ணின் குரல் கடந்து செல்கிறது. இப்பாத்திரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்றே: எவருக்கும் காதலியாகவோ மனைவியாகவோ அல்லாது தனித்து நிற்கும் தன்மை.

தனிவாழ்வின் துயரத்தால் விளைந்த நோன்பு என்று மட்டுமே இதனை விளக்கினால் முழு உண்மை ஆகாது. திரையில் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடம் காதலி, மனைவி, தாய் என்ற மூன்றாகவே சுருங்கியிருந்த காலத்தில், அறிவின் பேரால் அவையேறிப் பேசும் பெண்ணாகவே தோன்றுவேன் என்று ஒருவர் தேர்ந்துகொண்டதும் இதில் அடங்கியிருக்கிறது. உம்மு குல்தூமும் அவ்வாறே பாடல் கதையோடு இயல்பாய் ஒட்டி நிற்கும் பாத்திரங்களை நாடினார். இருவருக்கும் திரைப்படம் குரலைக் கொண்டுசெல்லும் ஒரு வாகனம். வாகனத்துக்காகப் பயணத்தை மாற்றிக்கொள்ள இருவரும் ஒப்பவில்லை.

அரசியலும் அவையும்

எகிப்து அரசு வானொலி 1934 மே 31 அன்று தொடங்கியபோது அதில் பாடியவர்களுள் உம்மு குல்தூமும் ஒருவர். 1930களின் பிற்பகுதியிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் வியாழன் இரவு அவருடைய கச்சேரி ஒலிபரப்பாகியது. அவ்விரவுகளில் அறபுலகின் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்ததை எழுதாத நினைவுக்குறிப்பு அரிது. 1946இல் அஹ்மத் ஷவ்கியின் சமயக் கஸீதாக்களை ரியாள் அஸ்ஸுன்பாத்தியின் இசையமைப்பில் அவர் பாடினார். அவற்றுள் ஒன்று ‘நஹ்ஜுல் புர்தா’. இமாம் பூஸீரி (ரஹ்) அவர்களின் கஸீதத்துல் புர்தாவை அடியொற்றி ஷவ்கி யாத்தது அது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் புர்தா மஜ்லிஸில் அமர்ந்து பழகியவருக்கு, அம்மரபு நவீனக் கெய்ரோவின் அரங்கில் எவ்வாறு மறுபிறவி எடுத்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

மன்னர் ஃபாரூக்கிடம் 1944இல் உயர்விருது பெற்ற உம்மு குல்தூம், 1952 புரட்சிக்குப் பின் நாசருக்கும் நெருக்கமானார். இசைக்கலைஞர் சங்கத்தின் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். 1967 போரில் எகிப்து தோற்றபோது, பாரிசின் ஒலிம்பியா அரங்கு தொடங்கி மொராக்கோ, துனீசியா, சூடான், குவைத் எனப் பல நாடுகளில் பாடித் திரட்டிய தொகையை நாட்டுக்கு அளித்தார். சோர்ந்திருந்த ஒரு சமுதாயத்துக்கு அக்குரல் ஊன்றுகோலாயிற்று. அதே வேளையில், தோல்விக்குக் காரணமான ஆட்சியைக் கேள்வி கேட்காமல் மக்களை இசையில் மயக்கினார் என்ற குற்றச்சாட்டும் அவர்மீது எழுந்தது. இரண்டையும் சேர்த்தே வரலாறு பதிவு செய்ய வேண்டும்.

சுந்தராம்பாளைக் காங்கிரஸ் மேடைக்கு அழைத்து வந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. தலைவர்களின் பேச்சைக் கேட்க ஆயிரம் பேர் வருவர் என்றால், சுந்தராம்பாளின் பாட்டைக் கேட்கப் பல்லாயிரவர் வருவர் என்பதை அவர் அறிந்திருந்தார். கொடுமுடிக்கு வந்த காந்தியடிகளுக்குத் தங்கத் தட்டில் உணவு பரிமாற, அவர் அத்தட்டையே கேட்டு வாங்கி ஏலமிட்டு நிதியில் சேர்த்தார் என்ற நிகழ்ச்சி பரவலாகச் சொல்லப்படுவது. 1951இல் சுந்தராம்பாள் சென்னை மாநிலச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். இந்தியத் திரைக்கலைஞர் ஒருவர் சட்டமன்றப் பொறுப்பேற்றதற்கு அதுவே முன்னோடி நிகழ்வு என்பர். ‘துணைவன்’ (1969) படப்பாடலுக்காகத் தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தன. 1980இல் அவர் மறைந்தார்.

உம்மு குல்தூம் 1975 பிப்ரவரி 3 அன்று காலமானார். இறுதி ஊர்வலத்தில் மக்கள் ஜனாஸாவைச் சுமந்து சென்றோரிடமிருந்து வாங்கித் தம் தோள்களில் மாற்றி மாற்றி ஏந்தினர். வகுக்கப்பட்ட பாதையை விட்டு விலகி, நெடுநேரம் நகர வீதிகளில் சுமந்து, ஹுசைன் பள்ளிவாசலுக்குக் கொண்டு சென்றனர். அரசு திட்டமிட்ட மரியாதையை மக்களின் அன்பு மாற்றி எழுதியது.

பதியப்படாத குரல்கள்

இசை பற்றியும், அயலார் முன் பெண் பாடுவது பற்றியும் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவ்விவாதத்தில் தீர்ப்புரைப்பது வரலாற்றுக் கட்டுரையின் வேலையன்று. ஆனால் வரலாற்றாளன் கேட்டாக வேண்டிய கேள்வி வேறு ஒன்று இருக்கிறது. உம்மு குல்தூம் ஏதோ ஒரு மாளிகையில் உருவானவர் அல்லர். பள்ளிவாசல் இமாமின் வீட்டிலும், மவ்லித் ஓதப்பட்ட திண்ணையிலும், குத்தாபின் பாயிலும் உருவானவர். சுந்தராம்பாளும் இரயில் பெட்டியிலும் நாடகக் கொட்டகையிலும் உருவானவர். அப்படியானால் அதே வகையான வீடுகளும் திண்ணைகளும் நிறைந்திருந்த தமிழ் முஸ்லிம் சமுதாயத்தின் பெண்குரல்கள் எங்கே?

எழுதிய பெண்களை நாம் ஓரளவு அறிவோம். கீழக்கரை ஆசியா உம்மாவின் மெய்ஞ்ஞானப் பாடல்கள் நூலாகியுள்ளன. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டார். இவர்கள் உம்மு குல்தூமுக்கும் சுந்தராம்பாளுக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தவர்கள். ஆனால் பாடிய பெண்கள்? தொட்டிலருகே கலிமாவைத் தாலாட்டாக்கியவர்கள், மருதாணி இரவில் நபிமார் கதையைக் கும்மியாக்கியவர்கள், ராத்திபு மஜ்லிஸுக்குப் பின் அடுக்களையில் மாலைப் பாடல்களை முணுமுணுத்தவர்கள் ஆகியோரின் பெயர்கூட நம்மிடம் இல்லை. அவர்கள் மேடையேற விரும்பினார்கள் என்று நாம் கருத வேண்டியதில்லை. பலர் விரும்பியிருக்க மாட்டார்கள். அவர்களின் பாட்டு வீட்டுக்குள்ளேயே நிறைவு பெற்றது. எனினும் ஒரு கலை வெளியே வராதது அதன் உரிமை. அது பதியப்படாமலே அழிவது நமது கவனக்குறைவு.

இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும், துறைமுகத் தொழிலும் தோல் வணிகமும் தேடிப் பல ஊர்களிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் தத்தம் ஊரின் பாடல்களையும் கொண்டு வந்தன. பழவேற்காட்டுக் கரையின் தாலாட்டும் இராமநாதபுரத்துக் கும்மியும் ஒரே தெருவில் கேட்கக்கூடிய இடம் அது. அங்கே எண்பது வயதைக் கடந்த மூதாட்டியர் இன்னும் இருக்கின்றனர். அவர்களைச் சந்திக்கப் பெரும் நிதியோ நிறுவனமோ தேவையில்லை. கல்லூரிகளில் தமிழும் வரலாறும் பயிலும் நம் பெண்மக்கள், பாடுவோரின் ஒப்புதலோடும் அவர்களின் கண்ணியத்துக்கு ஊறு நேராமலும், பாடலின் சொல்லையும் மெட்டையும் பாடிய சூழலையும் பதிவு செய்தாலே போதும். குரலைப் பொதுவில் வெளியிட விரும்பாதவர்களின் பாடல் வரிகளை மட்டும் எழுதி வைக்கலாம்.

இமாம் ஒருவரின் மகளது குரலைப் பேணியதால் அறபுமொழி தன் செவிச்செல்வத்தில் ஒரு பகுதியைக் காத்துக்கொண்டது. காவிரிக்கரைச் சிறுமி ஒருத்தியின் குரலைப் பேணியதால் தமிழ்நாடு தன் மேடை மரபின் சுவட்டை இழக்காதிருக்கிறது. நம் வீடுகளில் எஞ்சியிருப்பதைக் காப்பதற்கு இன்னும் சில ஆண்டுகளே கையிலுள்ளன. மஸ்தான் சாகிபின் பாடல்களைத் தொகுத்து அச்சிட்ட முன்னோர் அக்காலத்தில் தமக்குரிய கடமையைச் செய்தனர். அவர்கள் விட்டுச்சென்ற மிச்சம் நம்முடையது.